பிளேட்டோவா பிளாட்டோனா? ஒரே ஆளுக்கு ஒம்போது பேரு, எதத்தான் நம்புறது?

தூசி_அலமாரி கேட்டது:

வணக்கம் மக்களே. ரெண்டு வருஷமா இங்க படிச்சுட்டு மட்டும் நைசா நழுவிட்டு இருந்த ஆளு, இன்னைக்கு வேற வழியில்லாம வாயத் தொறக்குறேன்.

நான் பாக்குறது நூலக கேட்லாக் டேட்டாவ க்ளீன் பண்ற வேலை. ஐரோப்பாவுல பத்துப் பன்னெண்டு நாட்டு லைப்ரரி லிஸ்ட்ட ஒரே ஷீட்டுல கொட்டி, ஒரே ஆசிரியர் வேற வேற ஸ்பெல்லிங்ல வந்தா ஒண்ணாக் கட்டணும், அவ்ளோதான் வேலை, கேக்க ஈஸியா இருக்கும். போன வாரம் தத்துவம் செக்‌ஷனுக்கு வந்தேன், அங்கதான் மாட்டுனேன். நம்ம பிளேட்டோ, அதான் ஸ்கூல்ல சாக்ரடீஸோட சிஷ்யன் அரிஸ்டாட்டிலோட குருன்னு மனப்பாடம் பண்ணோமே அவரு, ஒரே ஆளு ஒம்போது ஆளா நிக்கிறாரு.

இங்கிலீஷ்லயும் டச்சுலயும் பி-எல்-ஏ-டி-ஓ, சரி. ஜெர்மன், பிரெஞ்சு, போலிஷ், ஸ்வீடிஷ் எல்லாத்துலயும் கடைசில ஒரு என் ஒட்டிக்குது. ஸ்பானிஷ், செக், ஹங்கேரி மூணுலயும் அதே என், கூடவே ஓ மேல ஒரு சின்னக் கோடு. இத்தாலிக்காரன் என்னுக்கு அப்புறம் ஒரு ஈ போட்டு பிளாத்தோனேங்கிறான். காட்டலான் லிஸ்ட்ல ஓ மேல கோடு இருக்கு, என் இல்ல. போர்ச்சுகீஸ் இன்னும் மோசம், ஏ மேல ஒரு புழு நெளியுது, அப்புறம் ஓ, அந்த என் எழுத்த எங்க தேடியும் காணோம். லாத்வியால பிளாட்டோன்ஸ், லித்துவேனியால பிளாட்டோனாஸ். ரஷ்யா, பல்கேரியா லிஸ்ட்ல இருக்குற எழுத்து எனக்குப் படிக்கவே வராது.

நான் என்ன பண்ணேன்னா, ரெண்டு எழுத்து வரைக்கும் வித்தியாசம் இருந்தா ஒரே ஆளுன்னு எடுத்துக்கோன்னு ஸ்க்ரிப்ட் போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டேன். மறுநாள் க்ளையன்ட் கிட்ட இருந்து மெயில், "ப்ளோட்டினையும் பிளாட்டோனையும் ஒரே ஆளாக்கிட்டீங்களே, அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அறுநூறு வருஷம் இருக்கே"ன்னு. ப்ளோட்டினஸ்னு வேற ஒரு தத்துவவாதி இருந்தாராம், ஜெர்மன்லயும் பிரெஞ்சுலயும் அவரு பேர ப்ளோட்டின்னு சுருக்கி எழுதுவாங்களாம், பிளாட்டோனுக்கும் அதுக்கும் கரெக்டா ரெண்டே எழுத்து வித்தியாசம். ஆனா நிஜமாவே ஒரே ஆளா இருக்குற இங்கிலீஷ் பிளேட்டோவும் லித்துவேனியா பிளாட்டோனாஸும் மூணு எழுத்து வித்தியாசம், அது சேரவே இல்ல. டீம் லீட் முன்னாடி மானம் போச்சு.

கேள்வி ரெண்டு. நிஜத்துல அந்த மனுஷன் பேரு என்ன, என் உண்டா இல்லையா? ரெண்டாவது, எந்த மொழில என்ன வரும்னு ஏதாவது கணக்கு இருக்கா, இல்ல அவனவன் இஷ்டத்துக்கு எழுதிக்கிட்டானா?


மொழிப்பித்தன்75 எழுதியது:

தம்பி, கணக்கு இருக்கு, அதுவும் ரொம்ப அழகான கணக்கு. கொஞ்சம் நீளமா வரும், பொறுமையா படிங்க.

முதல் கேள்விக்கு பதில் உங்க வாயிலயே இருக்கு. "பிளேட்டானிக் லவ்"னு சொல்றோம்ல, அந்த ன எங்க இருந்து வந்துச்சு? பேரு வெறும் பிளேட்டோன்னா பிளேட்டோயிக்னுல்ல வந்திருக்கணும்? கிரேக்கத்துல அவரு பேரு பிளாத்தோன், முதல் அசைல அழுத்தம், கடைசில கண்டிப்பா என் உண்டு. ஆக அந்த என் எழுத்த சேத்தவங்க யாரும் இல்ல, இருந்தத எடுத்தவங்கதான் உண்டு. எடுத்தது லத்தீன்காரங்க.

ஏன் எடுத்தாங்கன்னா, அத நம்ம தமிழ வச்சே சொல்றேன். மரம்னு சொல்றோம், வேற்றுமை உருபு சேந்தா மரமைன்னா சொல்றோம்? மரத்தை, மரத்துக்கு, மரத்துல. தனியா நிக்கும்போது ஒரு உருவம், உருபு ஏறும்போது வேற உருவம். லத்தீன்லயும் இந்த வகைப் பேருக்கு அதே கதை. தனியா நின்னா சிசரோ, "சிசரோவோட"ன்னு சொல்லணும்னா சிசரோனிஸ், சிசரோவைன்னா சிசரோனெம். ஒளிஞ்சிருக்குற என் உருபு வந்ததும் வெளிய வந்துரும். கிரேக்கத்துல இருந்து பிளாத்தோன் வந்ததும், அட இது நம்ம சிசரோ மாதிரி இருக்கேன்னு அதே பெட்டில போட்டுட்டாங்க. தனியா நின்னா பிளாத்தோ, உருபு வந்தா பிளாத்தோனிஸ், பிளாத்தோனெம்.

இப்ப ஐரோப்பா ரெண்டாப் பிரியுது. இங்கிலீஷும் டச்சும் லத்தீனோட தனி உருவத்த அப்படியே தூக்கிக்கிச்சு, அதான் என் இல்ல. இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ், போர்ச்சுகல் நாலும் உருபு ஏறுன உருவத்துல இருந்து எடுத்துச்சு. கற்பனை பண்ணிப் பாருங்க, நம்ம பேரப்புள்ளைங்க மரம்ங்கிற சொல்லையே மறந்துட்டு "அதோ ஒரு மரத்து"ன்னு சொன்னா எப்படி இருக்கும்? இத்தாலிக்காரன் அததான் பண்ணான். பிளாத்தோனெம்ல கடைசி எம் உதுந்து போச்சு, மிச்சம் பிளாத்தோனே. ஸ்பெயின்காரன் அந்த கடைசி உயிரையும் தூக்கிப் போட்டான், பிளாத்தோன், அழுத்தம் கடைசில வர்றதால மேல ஒரு கோடு.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா இன்னைய கிரேக்கர்களே அதே வேலையப் பண்ணிட்டாங்க. பிளாத்தோனைங்கிறது பிளாத்தோனா, அதுல ஒரு எஸ்ஸ ஒட்டி இப்ப ஏதென்ஸ் தெருவுல அவரு பேரு பிளாத்தோனாஸ். ஏட்டுல பழைய உருவமும் வரும், ரெண்டும் செல்லும்.

இங்கிலீஷ்ல "ப்ளே"ன்னு இழுக்குறது கிரேக்கமும் இல்ல லத்தீனும் இல்ல, கிட்டத்தட்ட 1400க்கும் 1700க்கும் நடுவுல இங்கிலீஷ்காரங்க வாயில நெடில் எல்லாம் இடம் மாறுனப்ப ஆகாரம் ஏகாரமாயிடுச்சு. நேம், கேக் எல்லாம் அப்ப திரும்புனதுதான். நமக்கு அவரு வெள்ளைக்காரன் பாடப்புத்தகம் வழியா வந்தாரு, அதனால பிளேட்டோ. ரஷ்யர்களுக்கு கான்ஸ்டான்டினோப்பிள் சர்ச் வழியா நேரா கிரேக்கத்துல இருந்தே வந்துச்சு, அந்தப் பேர்ல ஒரு புனிதரும் உண்டு, அதனால அங்க அது இன்னைக்கும் பையனுக்கு வைக்கிற சாதாரணப் பேரு, என்னோடதான்.


லாச்சப்பல்_வாசி எழுதியது:

அண்ணை சொன்னது நல்ல விளக்கம். நான் பாரிஸில இருக்கிறன், போர்ச்சுகீஸ் புழுவைப் பற்றியும் பிரெஞ்சைப் பற்றியும் ஒண்டு சொல்லோணும்.

என்ர மூத்தவள் போன வருசம் லிசே எண்ட உயர்தரப் பள்ளிக்கூடத்தில கடைசி வகுப்பு, இங்க அந்த வகுப்பில பிலோசொபி பெரும்பாலும் கட்டாயம். அவள் ஃபோனில சினேகிதியோட கதைக்கேக்க "பிளாத்தோ, பிளாத்தோ" எண்டு கேக்குது. நான் நினைச்சன் இவளும் எங்களை மாதிரி என் இல்லாமத்தான் சொல்லுறாள் எண்டு. பிறகு கொப்பியைப் பாத்தால் என் போட்டு எழுதியிருக்கிறாள். கேட்டதுக்கு "அப்பா, அது மூக்கால சொல்லுறது" எண்டாள். நாக்கு மேல போய் ஒட்டாது, உயிர் மட்டும் மூக்குக்குள்ள போய் நிக்கும். எங்களுக்கு இது புதினமே இல்லை, "நான் வந்தன்" எண்டு கெதியாச் சொல்லிப் பாருங்கோ, கடைசி ன் உண்மையில வாயில வருதோ? எழுத்தில இருக்கும், மூக்கில கேக்கும், நாக்கில இராது. பிரெஞ்சுக்காரனும் எங்கட ஆக்கள் மாதிரித்தான்.

இனி அந்தப் புழு. நீங்கள் தேடின என் அந்தப் புழுவுக்குள்ளதான் இருக்குது தம்பி. பாணை எடுங்கோ. ஓம், காலமை சம்பலோட தின்னுற பாண்தான். அந்தச் சொல் எங்களுக்குப் போர்ச்சுகீஸ்காரன் தந்தது, அவன் எழுதிறது பி, புழு போட்ட ஏ, ஓ. அதில என் எண்டு ஒரு எழுத்தே இல்லை, ஆனா எங்கட ஆக்களுக்கு அண்டைக்கு அது பாண் எண்டுதான் காதில விழுந்திருக்கு, ஏனெண்டால் அந்தப் புழு எண்டாலே மூக்கொலி. இப்ப வரிசையாப் பாருங்கோ. லத்தீனில பாணுக்குச் சொல் பானெம். இத்தாலியில பானே, ஸ்பெயினில பான், பிரெஞ்சில மூக்கால பாஞ் மாதிரி ஒரு சத்தம், போர்ச்சுகலில புழு போட்ட பாவ்ங், காட்டலானில வெறும் பா. உங்கட ஷீட்டில இருக்கிற ஆளைப் பக்கத்தில வையுங்கோ, பிளாத்தோனே, பிளாத்தோன், மூக்கால பிளாத்தோ, புழு போட்ட பிளாத்தாவ்ங், காட்டலானில வெறும் பிளாத்தோ. அச்சு அசல் அதே வரிசை. காட்டலான்காரன் பாணில விட்ட என் எழுத்தை இவரிலயும் விட்டிட்டான்.

பேக்கரிப் பலகையைப் பாத்தாலே எந்த ஊரில இவருக்கு என்ன பேர் எண்டு சொல்லிப்போடலாம்.


சந்தேகப்_பிராணி எழுதியது:

பாண் உவமை சூப்பர், ரசிச்சேன். ஆனா ஒரு இடத்துல சறுக்குது, சொல்லாம இருக்க முடியல.

பாண் வீட்டுல, சந்தைல, ஜனங்க வாயில இருபது தலைமுறையா உருண்டு உருண்டு தேஞ்ச சொல்லு. பிளேட்டோ அப்படி இல்ல. மேற்கு ஐரோப்பாவுல இடைக்காலம் பூரா அவரு எழுதுனது பெரும்பாலும் யாருக்கும் கைல கிடைக்கவே இல்ல. டைமேயஸ்ங்கற அவரோட நூல்ல ஒரு பகுதி கால்சிடியஸ்னு ஒருத்தர் பண்ண லத்தீன் மொழிபெயர்ப்புல இருந்துச்சு, அப்புறம் 12ஆம் நூற்றாண்டுல சிசிலில ஹென்ரிகஸ் அரிஸ்டிப்பஸ்னு ஒருத்தர் மெனோ, ஃபீடோ ரெண்டையும் லத்தீனுக்குக் கொண்டாந்தாரு. முழுசா எல்லாம் அச்சுல வந்தது 1484ல, ஃபுளோரன்ஸ்ல, மார்சிலியோ ஃபிசினோ பண்ண லத்தீன் மொழிபெயர்ப்பு. கிரேக்க மூலமே 1513லதான் வெனிஸ்ல ஆல்டஸ் அச்சடிச்சாரு. அதனால இந்தப் பேரு படிச்சவங்க பேனாவுல வளந்த பேரு. படிச்சவன் தன் மொழில இந்த மாதிரி லத்தீன் சொல்லு எப்படி முடியும்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டு அந்த அச்சுல ஊத்துனான். நாம ராமஹன்னா எழுதுறோம், சமஸ்கிருதப் பேர்னா ன் போட்டு ராமன்னு முடிக்கணும்னு கைக்குத் தெரியும்ல, அந்த மாதிரி.

இதுக்கு ஆதாரம் விதிவிலக்குலதான் இருக்கு. போர்ச்சுகீஸ்ல ஜீனோவுக்குப் புழு உண்டு, ஸ்ட்ராபோவுக்கு உண்டு, கேட்டோவுக்கு உண்டு. ஆனா சிசரோவும் நீரோவும் அங்க புழு இல்லாம வெறும் ஓல முடியுறாங்க. பாண் மாதிரி ஒலி தானா தேஞ்சிருந்தா எல்லாரும் ஒரே மாதிரில்ல தேஞ்சிருக்கணும்? எழுதுனவன் கை எங்க போச்சோ அங்க போயிருக்கு.

ஜெர்மன்ல இன்னும் வெளிப்படையாத் தெரியும். 1781ல கான்ட்ங்கற ஜெர்மன் தத்துவவாதி எழுதுன பெரிய புத்தகத்துல பாத்தீங்கன்னா லத்தீன் மாதிரி பிளாட்டோதான், என் கிடையாது. 1804ல ஷ்லையர்மாகர்னு ஒருத்தர் பண்ண பிளேட்டோ மொழிபெயர்ப்பு வர ஆரம்பிக்குது, அதுல பிளாட்டோன். கிரேக்க ஆளுன்னா கிரேக்கத்துல எப்படியோ அப்படியே சொல்லுங்கற மோகம் அந்த நூற்றாண்டுல அங்க ஏறிக்கிட்டே போச்சு, கடைசில என் ஜெயிச்சுது. இன்னைக்கு அங்க கணக்கு என்னன்னா கிரேக்கர்னா என், ரோமர்னா என் இல்ல. பிளாட்டோன், ஸெனோன், ஸ்ட்ராபோன் ஒரு பக்கம், சிசரோ, கேட்டோ, நீரோ இன்னொரு பக்கம். நேர்த்தியான ஏற்பாடு, ஜெர்மன்காரங்களுக்கே உரியது. ரஷ்யா, போலந்துல இந்தப் பாகுபாடு எல்லாம் கிடையாது, ரோமரா கிரேக்கரா எல்லாருக்கும் என் போட்டு விட்டுட்டாங்க, நீரோன், சிசரோன் அப்படின்னு.


மொழிப்பித்தன்75 எழுதியது:

ஒத்துக்கறேன். ஒலி தேஞ்சு வந்துச்சுங்கற மாதிரி நான் எழுதுனது தப்புதான், அச்சுல ஊத்துனதுங்கறதுதான் சரி. ஆனா அச்ச செஞ்சது பாண்தான், அத விட மாட்டேன்.


ரீகா_குளிர் எழுதியது:

லாத்வியான்னு பாத்ததும் ஓடி வந்தேன். நான் ரீகால மெடிசின் மூணாம் வருஷம்.

இங்க ஆம்பளப் பேருன்னா பெரும்பாலும் எஸ்ல முடியணும், இல்லன்னா வாக்கியத்துல வைக்கவே இவங்களுக்குக் கை வராது, ஏன்னா அந்த எஸ்தான் எழுவாய்க்கு அடையாளம், அத எடுத்துட்டு வேற உருபு போட்டாதான் "அவருக்கு", "அவரை"ன்னு சொல்ல முடியும். கிரேக்க ஞானின்னாலும் விட மாட்டாங்க, அமெரிக்க ஜனாதிபதின்னாலும் விட மாட்டாங்க, புஷ்ஷையே புஷ்ஸ்னு எழுதுன ஊரு. என் ரூம்மேட் குமாரு முதல் வாரமே குமார்ஸ் ஆயிட்டான், ஹாஸ்டல் ஆன்ட்டி அப்படித்தான் கூப்பிடும். பக்கத்துல லித்துவேனியால எஸ்ஸுக்குப் பதில் ஆஸ். அங்க போயிருந்தா குமாராஸ் ஆயிருப்பான். தமிழ்ல ராமன், தெலுங்குல ராமுடு, ஹிந்தில ராம், இது நமக்குப் பழக்கம்தானே.

ஆனா அண்ணா உங்க ஷீட்டுக்கு ஒரு வார்னிங். எங்க லைப்ரரில பழைய ஜெர்மன் புத்தகம் நிறைய இருக்கு, ரீகால ரொம்ப காலம் ஜெர்மன்காரங்க இருந்தாங்க. ஒரு அட்டைல பிளாட்டோன்ஸ்னு போட்டுருந்துச்சு, நான் லாத்வியன்னு நினச்சு எடுத்தா உள்ள முழுக்க ஜெர்மன். ஜெர்மன்ல கடைசி எஸ்னா "உடைய". பிளாட்டோனுடைய நூல்கள்னு அர்த்தம். அதே ஏழு எழுத்து, ஒரு ஊர்ல அது ஆளு பேரு, இன்னொரு ஊர்ல வேற்றுமை உருபு.


ரெஜெக்ஸ்_ராணி எழுதியது:

ரீகா தம்பி முக்கியமான இடத்துல கை வச்சுட்டாரு. நானும் இதே தொழில்தான், பதினோரு வருஷமா, அதனால வேலைய முடிக்கற வழிய சொல்றேன், மொழி அழக அப்புறம் ரசிக்கலாம்.

முதல்ல அந்த ரெண்டு எழுத்து ரூல தூக்கி குப்பைல போடுங்க. ஆளு பேர்ல எழுத்து எண்ணி சேக்குறது தலைவலிதான், ப்ளோட்டின் உங்களுக்கு நல்லாவே காட்டிட்டாரு. நூலகங்களே இதுக்குன்னு ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்து வச்சிருக்காங்க, வியாஃப்னு சொல்வாங்க, பல நாட்டு தேசிய நூலகங்கள் ஒரே ஆளுக்கு வச்சிருக்குற எல்லாப் பேரையும் ஒரு கட்டாக் கட்டி வச்சிருக்கும். விக்கிடேட்டாவுலயும் அதே மாதிரி, இவரு அங்க க்யூ859, எந்த மொழில தேடினாலும் அதே நம்பருக்குத்தான் போய் நிக்கும். பேர பேரோட ஒப்பிடாதீங்க, பேர நம்பரோட ஒப்பிடுங்க.

ரெண்டாவது, ஒப்பிடுறதுக்கு முன்னாடி யூனிகோட சமப்படுத்துங்க. கோடு போட்ட ஓ ஒரே எழுத்தாவும் வரும், வெறும் ஓவும் தனிக் கோடுமா ரெண்டு எழுத்தாவும் வரும், கண்ணுக்கு ஒண்ணாத் தெரியும், மெஷினுக்கு வேற வேற. நம்ம "கொ" மாதிரிதான், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியா வந்தாலும் கொ, சேந்த ஒரே குறியா வந்தாலும் கொ. தேடும்போது ஒண்ணு கிடைக்கும் ஒண்ணு கிடைக்காது. இதுல நான் அழுதிருக்கேன், நிஜமாவே டெஸ்க்ல உக்காந்து.

மூணாவதுதான் பெரிய கண்ணி. பழைய லத்தீன் அட்டைல ஆசிரியர் பேரு தனியா நிக்காது, "பிளாத்தோனிஸ் ஓபெரா"ன்னு வரும், பிளேட்டோவுடைய படைப்புகள். ஆக்ஸ்ஃபோர்டுல ஜான் பர்னெட் 1900ல இருந்து 1907 வரைக்கும் அஞ்சு வால்யூமா போட்ட கிரேக்கப் பதிப்புக்கும் அதான் தலைப்பு. இத டைப் அடிச்சவரு முதல் சொல்ல அப்படியே ஆசிரியர் கட்டத்துல போட்டுட்டா, பிளாத்தோனிஸ்னு பத்தாவது ஆளு பொறந்துருவாரு. பாரதியாரின்னு ஒருத்தர் கவிதை எழுதுனாருன்னு போடுற மாதிரி. ரஷ்யன்லயும் போலிஷ்லயும் இதுக்கு ஆ முடிவு வரும், பிளாட்டோனா. உங்க ஷீட்ல தேடிப் பாருங்க, கண்டிப்பா இருக்கும்.

இதுக்கு நேர் எதிரான தப்பும் உண்டு, பேரு ஒண்ணு ஆளு வேற. ஏதென்ஸ்ல கிட்டத்தட்ட அதே காலத்துலயே பிளாத்தோன்னு ஒரு நகைச்சுவை நாடகக்காரரும் இருந்தாரு, அவரு எழுதுனது துண்டு துண்டாத்தான் மிச்சம். 12ஆம் நூற்றாண்டுல பார்சிலோனால அரபு வானியல் நூல்கள லத்தீனுக்கு மாத்துன திவோலி ஊர்க்காரர் ஒருத்தர் உண்டு, அவரும் பிளாத்தோ. 18ஆம் நூற்றாண்டு மாஸ்கோ தலைமை குரு ஒருத்தர் பிளாட்டோன், பிரசங்கம் நிறைய அச்சாயிருக்கு. இவங்கள எல்லாம் தத்துவவாதி தலைல கட்டிராதீங்க.

சந்தேகம் வந்தா இன்னொரு சோதனை. 1578ல ஜெனீவால ஹென்ரி எஸ்தியென் போட்ட பிளேட்டோ பதிப்பு ஒண்ணு வந்துச்சு, அதோட பக்க எண்ணத்தான் இன்னைக்கும் உலகம் பூரா கிட்டத்தட்ட எல்லா மொழிபெயர்ப்புலயும் ஓரத்துல போடுவாங்க. 514னு எண்ணும் பக்கத்துல ஏன்னு ஒரு எழுத்தும் போட்டு ரிப்பப்ளிக்ங்கற அவரோட நூல்ல வர்ற குகைக் கதை ஆரம்பிச்சா, அட்டைல என்ன மொழில என்ன பேரு இருந்தாலும் சரி, அவரேதான்.


சும்மா_வந்தேன் எழுதியது:

அண்ணாத்தைங்களா, ஆளுக்கு ஒரு பேரு சொல்றீங்க, அர்த்தத்த யாரும் சொல்லல. பிளாத்தோன்னா என்ன? தமிழ்ல வச்சா என்னன்னு வைக்கலாம்?


மொழிப்பித்தன்75 எழுதியது:

அகலன். கிரேக்கத்துல பிளாத்துஸ்னா அகலமான, பரந்த. 3ஆம் நூற்றாண்டுல டயோஜெனிஸ் லேர்ஷியஸ்னு ஒருத்தர் எழுதி வச்சிருக்காரு, நிஜப் பேரு அரிஸ்தோக்ளிஸ், ஆர்கோஸ் ஊரு மல்யுத்த வாத்தியார் ஒருத்தர் இவரோட உடம்பு வாகப் பாத்து பிளாத்தோன்னு கூப்பிட்டாருன்னு. நெத்தி அகலம்னும் சொல்றாங்க, எழுத்து நடை விரிவா இருந்ததாலன்னும் சொல்றாங்க. எனக்கு இதுல பெருசா நம்பிக்கை இல்ல, ஏன்னா அந்தப் பேரு அந்தக் கால ஏதென்ஸ்ல வேற பல பேருக்கும் இருந்துச்சு, மேல ராணி சொன்ன நாடகக்காரரே ஒரு சாட்சி, எல்லாருக்குமா மல்யுத்த வாத்தியார் பேரு வச்சாரு?

ஆனா சொல்லோட சொந்தக்காரங்க சுவாரசியம். சமஸ்கிருதத்துல பிருதுன்னா அகலமான, அதுல இருந்து பிருதிவி, பரந்து கிடக்குறவ, பூமி. பிளாத்துஸும் பிருதுவும் ஒரே வேர்ல வந்த அண்ணன் தம்பி.


சும்மா_வந்தேன் எழுதியது:

அப்ப பரந்தாமன்னு வைங்க, இன்னும் கெத்தா இருக்கும்


மொழிப்பித்தன்75 எழுதியது:

யோவ், பரந்தாமன்ல பரந்து எங்கய்யா இருக்கு? பரம் கூட தாமம், மேலான இடத்துல இருக்குறவன். அகலனே போதும்.


லாச்சப்பல்_வாசி எழுதியது:

அகலன் எண்டதும் ஞாபகம் வந்தது. கிரேக்கத்தில அகலமான தெருவைக் குறிச்ச பிளாத்தேயாவில இருந்துதான் ஸ்பெயினில பிளாஸா, இத்தாலியில பியாட்சா, ஜெர்மனில பிளாட்ஸ், இங்க பிளாஸ். எங்கட வீட்டில இருந்து கிட்ட, பிளாஸ் து லா ரெபுப்ளிக் எண்டு ஒரு பெரிய சதுக்கம், 2009இல நாங்கள் எல்லாம் பதாகையோட நிண்ட இடம். பாருங்கோ, பிளாஸ் அவரின்ர பேரின்ர சொந்தம், லா ரெபுப்ளிக் எண்டது அவரின்ர புத்தகத்துக்குப் பிரெஞ்சில இருக்கிற தலைப்பு. மகளுக்குச் சொன்னன், அவள் கண்ணை மேல உருட்டினாள்.


தூசி_அலமாரி எழுதியது:

எல்லாருக்கும் பெரிய நன்றி, இவ்ளோ வரும்னு நினைக்கவே இல்ல.

ராணிக்கா சொன்ன மாதிரி நம்பர வச்சு ஓட்டினேன். பிளாத்தோனிஸ்னு பதினேழு ரோ, பிளாட்டோனான்னு நாலு ரோ, சொன்னபடியே உக்காந்திருந்துச்சு. ரீகா தம்பி சொன்ன பிளாட்டோன்ஸ்ல பாதி ஜெர்மன், பாதி லாத்வியன். ஒரு விஷயம் யாரும் எதிர்பாக்காதது, பிளாட்டோனாஸ்னு இருந்த ரோ எல்லாம் லித்துவேனியான்னுதான் நினச்சேன், ரெண்டு மட்டும் கிரேக்க நாட்டு பதிப்பு, அங்க பேர இங்கிலீஷ் எழுத்துல மாத்தி டைப் பண்ணிருக்காங்க. அதுவும் அதே எட்டு எழுத்து! ஒருத்தன் தன் மொழிக்கு வேணும்னு ஆஸ் ஒட்டினான், இன்னொருத்தன் பிளாத்தோனாவுல எஸ் ஒட்டினான், ரெண்டு பேரும் ஒரே இடத்துல வந்து நிக்கிறாங்க.

இன்னும் ஒரே ஒரு ரோ மிச்சம் இருக்கு. துருக்கி லைப்ரரி, ஆசிரியர் பேரு எஃப்லாத்துன். இதுவும் அவரா, வேற ஆளா?


ரெஜெக்ஸ்_ராணி எழுதியது:

அவரேதான், அரபு வழியா வந்தவரு. அரபுல ப கிடையாது, அதனால ஃப. ரெண்டு மெய் சேந்து சொல்லு ஆரம்பிக்கவும் கூடாது, அதனால முன்னாடி ஒரு அ, அஃப்லாத்தூன். நாம ராமனுக்கு முன்னாடி இ போட்டு இராமன்னு எழுதுறோம், எங்க பாட்டி ஸ்கூல இஸ்கூலும்பாங்க, அந்த மாதிரி ஒரு முட்டு. ஹிந்தில எவனாவது பெரிய மேதாவி மாதிரி அலட்டினா அஃப்லாதூன்னு கிண்டல் பண்றாங்கல்ல, அதுவும் இவருதான். துருக்கில இப்ப பிளாட்டோன்னும் எழுதுறாங்க, பழைய பதிப்புன்னா எஃப்லாத்துன். ஆனா தலைப்பப் பாத்துட்டு சேருங்க, ஏன்னா துருக்கில எஃப்லாத்துன்னா இளம் ஊதா கலர், கோன்யா பக்கம் எஃப்லாத்துன் பினார்னு ஹிட்டைட்னு அந்தப் பக்கம் இருந்த பழங்கால ராஜ்ஜியத்து ஊற்றுக் கோயில் ஒண்ணும் இருக்கு, அவரு பொறக்கறதுக்கு பல நூறு வருஷம் முன்னாடி கட்டினது. புத்தகம் அதப் பத்தினதா இருந்து யாராவது ஆசிரியர் கட்டத்துல மாத்திப் போட்டிருக்கலாம்.


தூசி_அலமாரி எழுதியது:

தலைப்பப் பாத்தேன், தேவ்லெத். அகராதில அரசுன்னு போட்டிருக்கு, ரிப்பப்ளிக்தான், சேத்தாச்சு. ப்ளோட்டினையும் பிரிச்சு தனியா உக்கார வச்சாச்சு. நாளைக்கு அடுத்த ஆளு, சாக்ரடீஸ்.


சந்தேகப்_பிராணி எழுதியது:

தம்பி உஷார், சாக்ரடீஸ் ஒரு வரி கூட எழுதல. உங்க ஷீட்ல ஆசிரியர்னு அவரு பேரு வந்தா, ஒண்ணு 5ஆம் நூற்றாண்டு கான்ஸ்டான்டினோப்பிள்ல சர்ச் வரலாறு எழுதுன சாக்ரடீஸ், இல்லன்னா 1982 உலகக் கோப்பைல பிரேசில் கேப்டனா ஆடுன டாக்டரு.